அக்காவின் காப்பும் என் நூறு மைலும்

1

சைக்கிள் வாங்கப் போன கடையில் என் கால்களை அளந்தார்கள். கல்யாணத்துக்குச் சட்டை தைத்தபோதுகூட யாரும் என்னை அவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை. ஷூவைக் கழற்றச் சொன்னார்கள், சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார்கள், தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து மேலே இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். நாற்பத்தெட்டு வயதுக் குடும்பஸ்தன், கே.கே.பட்டி என்கிற காமயகவுண்டன்பட்டியில் நாலு பேர் வணக்கம் சொல்லும் வீட்டுப் பிள்ளை, இங்கிலாந்தில் ஒரு கடைச் சுவரோரம் புத்தகத்தைக் கவ்விக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பென்சிலால் சுவரில் கோடு போட்டுவிட்டு, "உங்களுக்குச் சின்ன அளவே போதும்" என்றார். குட்டை என்பதை இத்தனை மரியாதையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போதாததற்கு, கிளம்பும்போது, "ஸ்டெப்னி டியூப் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுவைத்தேன். மாற்று டயர், மாற்று டியூப் எல்லாவற்றுக்கும் நம்மூரில் அதுதானே பேர்? வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வார்த்தை, அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற தைரியம். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்டெப்னி லண்டனில் அல்லவா இருக்கிறது? ரயிலில் போய்விடலாமே" என்றார். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் வாரம் ஒரு முறையாவது இப்படி வழுக்கி விழாமல் எனக்குப் பொழுது போவதில்லை.

இந்த வயதில் இவனுக்கு சைக்கிள் எதற்கு என்று ஊரில் வாசிப்பவர்கள் கேட்பீர்கள். இங்கே தர்ம காரியத்துக்குப் பணம் திரட்ட வேண்டுமென்றால் ஓடுவார்கள், நீந்துவார்கள், மலை ஏறுவார்கள். நம்மூரில் அன்னதானம் போட்டுவிட்டு ஃபிளெக்ஸ் வைப்போம். இங்கே ஒருவன் தன் உடம்பை வதைத்துக்கொண்டால்தான் மற்றவன் பைக்குள் கை விடுவான். யோசித்துப் பார்த்தால் அலகு குத்துவது மாதிரிதான். சாமி மட்டும் இல்லை.

ஹாலிஃபாக்ஸ் ஊருக்கு வெளியே ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். என்னோடு வேலை பார்க்கும் ஆலனின் மனைவி இதய நோயில் இறந்துபோனவர். அவர் நினைவாக ஆலன் வருஷாவருஷம் இதய நோயாளிகளுக்கான ஓர் அறக்கட்டளைக்காக நூறு மைல் சைக்கிள் ஓட்டுகிறார். எங்கள் மலைப்பக்கத்தில் விடியற்காலை கிளம்பி, கிழக்குக் கடற்கரையில் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வருஷம் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்த்து, "நீயும் வாயேன்" என்றார். செத்துப்போன பெண்ணின் பேரைச் சொல்லி ஒருவர் கூப்பிடும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "பார்க்கலாம்" என்றேன். பத்திரிகை வைக்க வந்தவரிடம் பார்க்கலாம் என்று சொன்னால், வரப் போவதில்லை என்று அவர் புரிந்துகொண்டு காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். ஆலனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அன்று மாலையே என் பெயரைப் பதிவு செய்துவிட்டு வந்து என் கையைக் குலுக்கினார்.

2

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்வரி அக்காவுக்குப் போன் போடுவது வழக்கம். எனக்குப் பத்து வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அவள்தான். கட்டிக்கொடுத்ததும் உள்ளூரிலேயே. அவள் வீட்டுக்காரர் சுருளிவேல் மச்சானுக்குத் திராட்சைத் தோட்டம். குமுளி தாண்டி வரும் மலையாள வியாபாரிகளோடு பேசிப் பேசி அவருக்கு எதற்கெடுத்தாலும் "சாரமில்ல" என்று சொல்லும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வெள்ளாமை போனாலும் சாரமில்ல, பரவாயில்லை என்று அர்த்தம்.

அந்த மச்சானே சாரமில்ல என்று சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. போன வருஷக் கடைசியில் அக்கா தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகும்போது நடுவழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கம்பத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும்போலத் தெரிகிறது, மதுரைக்குப் போய் ஆஞ்சியோ செய்து பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். முதல் தடவை தேதி வாங்கியபோது திராட்சை வெட்டு என்றாள். இரண்டாம் தடவை எதிர்வீட்டுப் பிள்ளைக்குச் சடங்கு, முறைக்காரி நான் இல்லாமல் எப்படி என்றாள். எதிர்வீட்டுக்கும் எங்களுக்கும் என்ன முறை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்றாம் தடவையாகத் தேதி வாங்கியிருந்த சமயத்தில்தான் நான் சைக்கிள் கதையைச் சொன்னேன்.

"நூறு மைலுன்னா எம்புட்டுத் தூரம்டா?"

"நம்மூர்ல இருந்து மருதைக்குப் போயிட்டு, திரும்பி உசிலம்பட்டி வரைக்கும் வர்ற தூரம்க்கா."

"ஆத்தாடி! பஸ்ஸுல போனாலே இடுப்பு ஒடிஞ்சுரும். ஒன்னய யாருடா கூப்புட்டா?"

"தர்ம காரியம்க்கா. நெஞ்சு வலிக்காரங்களுக்காக."

அக்கா கேட்டாள். "பயமா இருக்கா?"

"ரொம்பப் பயமா இருக்கு. எனக்காக வேண்டிக்கக்கா."

நான் செய்த தப்பு இதுதான். இங்கே யாராவது பரீட்சைக்கோ ஆபரேஷனுக்கோ போனால், உனக்காக விரலைக் கோத்துக்கொள்கிறேன் என்பார்கள். விரலையும் கோப்பதில்லை, அப்புறம் நினைப்பதும் இல்லை. வாய் உபசாரம். அந்தப் பழக்கத்தில் நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் வேண்டிக்கொள் என்று ஒருவரிடம் சொல்வது, கொத்தனாரிடம் வீட்டைக் கட்டு என்று சொல்வது மாதிரி. சொன்னவன் மறந்துவிடலாம், கேட்டவர் வேலையை ஆரம்பித்துவிடுவார். இது தெரியாத கே.கே.பட்டிக்காரன் ஒருவன் உண்டா? நான் தெரிந்திருந்தும் சொல்லித் தொலைத்தவன்.

"சரி, அத நான் பாத்துக்கிறேன். நீ வையி" என்றாள் அக்கா.

3

பயிற்சி என்று ஒன்று ஆரம்பித்தேன். வேலை முடிந்து வந்ததும் உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது. உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல். உடம்பைக் கவ்விப் பிடிக்கும் கால்சட்டை, அதன் பின்புறத்தில் தலையணை மாதிரி ஒரு பஞ்சு. பதினைந்து வயது மகள் கீர்த்தனா என்னைப் பார்த்துவிட்டு, "தெருமுனை வரைக்கும் நீங்க தனியாப் போங்க, நான் அப்புறமா பஸ் ஸ்டாப்புக்குப் போறேன்" என்று இங்கிலீஷில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு கிர்ஸ்டி என்று பெயராம். அவளுடைய தோழி ஒருத்தி வீட்டுக்குப் போன் செய்து கிர்ஸ்டியைக் கேட்டபோது அப்படி யாரும் இல்லை என்று வைத்துவிட்டேன். அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஹாலிஃபாக்ஸில் சமதளம் என்பதே கிடையாது. வீட்டை விட்டு இறங்கினால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். முதல் மாதம் முழுக்க ஒரே மேட்டில் தோற்றேன். மேட்டின் பாதியில் ஒரு கிழவர் நாயோடு நிற்பார், நான் இறங்கித் தள்ளிக்கொண்டு அவரைக் கடக்கும்போது, "இன்று நல்ல வெயில்" என்பார். மழையிலும் அதையேதான் சொன்னார்.

காற்றுக்கு எதிரே மிதிப்பது எனக்குப் புதிதில்லை. கல்லூரிக்குப் போன காலத்தில் உத்தமபாளையத்திலிருந்து திரும்பும்போது, ஆடி மாதம் குமுளிக் கணவாய்ப் பக்கமிருந்து இறங்கும் காற்று ஆளையும் சைக்கிளையும் சேர்த்துப் பின்னால் தள்ளும். ஒரு நாள் பாளையத்துக்கு மருந்து வாங்க வந்த அக்காவைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். ஏற்கெனவே எனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. எதிரே கல்லூரிப் பெண்கள் நின்ற பேருந்து ஒன்று வந்ததால் இறங்க மனசில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். "ஏலே, எறங்கித் தள்ளு. ஒண்ணும் கொறஞ்சுற மாட்ட" என்று அவளே குதித்துவிட்டாள். அந்தப் பக்கத்துப் பெண்களிலேயே பயம் என்றால் என்ன என்று தெரியாதவள் என் அக்கா என்று நான் அன்று நினைத்தேன். பிறகும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் உடல்தகுதிப் படிவம் தர வேண்டும். நாற்பது தாண்டியவர்கள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று அதில் அடியில் போட்டிருந்தது. நான் போனேன். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, ஒயர் மாட்டி, ஓடும் பட்டையில் ஓடவிட்டு, மத்தியானத்துக்குள் என் இதயம் எப்படி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றபோது அழுகை வந்தது. வலி இருக்கிறவள் அங்கே இருக்கிறாள், வலியே இல்லாதவனுக்கு இங்கே சோதனை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பார்க்கிங் இயந்திரத்தை ஓர் உதை விட்டேன்.

4

மதுரைத் தேதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மச்சான் தோட்டத்திலிருந்து வீடியோவில் வந்தார். பந்தலுக்குக் கீழே அக்கா பழக்கொத்துகளில் இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது, நடுவே ஒரு மஞ்சள் துண்டு.

"கையில என்னக்கா? திருவிழாதான் எல்லாம் முடிஞ்சுருச்சே?"

"ஒனக்குத்தான்டா. காப்புக் கட்டியிருக்கேன். நீ நல்லபடியா ஓட்டி முடிச்சதும் அவுத்து ஆத்துல விட்டுருவேன். பூசாரி மொதல்ல முடியாதுன்னாக. திருவிழா இல்லாத நாள்ல யாருக்கும் கட்டுறதில்லயாம். எந்தம்பி அந்நிய தேசத்துல தனியாக் கெடக்கான்னு சொன்ன பெறகு கட்டிவிட்டாக."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எனக்காக இவ்வளவு செய்ய ஓர் ஆள் இருக்கிறது என்ற நினைப்பில் கொஞ்சம் பூரித்தும் போனேன். போனை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் சுரீர் என்றது. காப்புக் கட்டினால் கவுச்சி சாப்பிடக் கூடாது, சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உடனே திரும்பப் போன் போட்டேன்.

"அப்ப மருதைக்கு?"

"அதெப்படிடா போறது, காப்பக் கட்டிக்கிட்டு?" என்றாள், நான் ஏதோ தெரியாத பிள்ளை மாதிரி.

"காப்ப இப்பவே அவுத்துரு. நான் ஓட்டல, போதுமா? பேரை வாபஸ் வாங்கிர்றேன்."

"வாய மூடு. சாமிகிட்டச் சொல்லியாச்சு. நடுவுல விட்டா ஒனக்குத்தான் ஆகாது."

"எனக்கு ஆகாட்டிப் போகுது. ஒனக்கு நெஞ்சுல அடைப்புக்கா!"

"அது அங்கனேயேதான் இருக்கும், எங்கயும் ஓடிறாது. நீ ஓட்டு மொதல்ல."

கத்தினேன். மனைவி சுமதி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள், கீர்த்தனா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்ற முடியாதவன் வேறென்ன செய்வான்? கத்தத்தான் முடியும்.

மச்சான் தனியாகப் பேசினார். "மாப்ள, நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். டாக்டரு என்னயத்தான் வையிறாக. நானே அவுத்துறலாம், ஒரு நிமிச வேல. அவுத்த பெறகு அவளுக்கு ஒண்ணுன்னா? ஊரு என்னயத்தான சொல்லும்? நானே என்னயச் சொல்லிக்குவேன்ல?" பூசாரியிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார். யாருக்காகக் கட்டியதோ அந்தக் காரியம் முடிந்தால் அவிழ்க்கலாம், அதற்கு முன்னால் அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வராது என்றுவிட்டாராம்.

விமானம் ஏறிப் போய்விடலாம் என்று பார்த்தால், பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்துப் பல வாரமாகிறது. படிவத்தில் பிறந்த ஊருக்குக் கட்டம் கட்டமாக இடம் விட்டிருந்தார்கள். காமயகவுண்டன்பட்டியை இங்கிலீஷில் எழுதினால் கட்டங்கள் போதவில்லை. கடைசி எழுத்துகளை வெளியே எழுதினேன், திருப்பி அனுப்பினார்கள். கே.கே.பட்டி என்று எழுதினேன், பழைய பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று மறுபடி திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊருக்குப் பேர் வைத்த மகராசன் கொஞ்சம் சுருக்கமாக வைத்திருந்தால் நான் அக்கா பக்கத்தில் நின்றிருப்பேன்.

ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதி, எனக்கு மட்டும் முன்கூட்டியே ஓட்ட அனுமதி உண்டா என்று கேட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? குடும்ப மருத்துவச் சூழ்நிலை என்று எழுதினேன். வருந்துகிறோம், பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. தனியாகவே நூறு மைல் ஓட்டி முடித்துவிடுகிறேன், அதுவும் ஓட்டம்தானே என்று அக்காவிடம் வாதாடினேன். "கூட்டத்தோட போயிட்டு வரணும்னுல்ல வேண்டியிருக்கேன். தனியாப் போனா அது வேற வேண்டுதல். அதுக்கு வேற காப்புக் கட்டணும்" என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

முடித்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிடு என்றாள் சுமதி. எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆனாலும் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பொய்யோடு நான் எப்படி இருப்பேன்?

மச்சான் மதுரைக்குப் போய்க் கெஞ்சி நாலாவது தேதி வாங்கி வந்தார். நான் ஓட்டி முடிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். அதைச் சொல்லும்போது அக்காவும் கூட இருந்தாள்.

"அன்னைக்கு என்னால முடியாமப் போச்சுன்னா என்னக்கா செய்வ?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் ஓட்டி முடி. அதுவரைக்கும் இது கெடந்துட்டுப் போகுது" என்று மணிக்கட்டை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் சரியாக வரவில்லை. முன்பெல்லாம் பாதியில் நின்றால் ஆலன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் கவலை. இப்போது, நான் நின்றால் அவள் ஒரு வருஷம் அந்த நெஞ்சோடு அதே வரப்பில் சோறு சுமந்து நடப்பாள். என் தொடையை நம்பி அவள் உயிர். இதைவிட மோசமான ஜாமீன் உலகத்தில் எவளுக்கும் கிடைத்திருக்காது.

5

அன்று விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பேர் சைக்கிளோடு நின்றார்கள். முதுகில் எண்ணோடு சேர்த்து, யாருக்காக ஓட்டுகிறோம் என்று எழுதும் அட்டை ஒன்றைக் குத்திக்கொள்ள வேண்டும். ஆலன் மனைவியின் பெயரை எழுதியிருந்தார். பக்கத்தில் ஒருவர் அப்பா என்று எழுதியிருந்தார். நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். எல்லார் முதுகிலும் இருந்தது பெரும்பாலும் இறந்தவர்களின் பெயர். அந்த வரிசையில் ஈஸ்வரி என்று எழுதக் கை வரவில்லை. வெறும் அட்டையைக் குத்திக்கொண்டு கிளம்பினேன்.

மலைகளில் கூச்சப்படாமல் இறங்கித் தள்ளினேன். பாதித் தூரத்தில் எல்லாரும் என்னைக் கடந்து போய்விட்டார்கள். கடைசியாக வருபவர்களை அள்ளிக்கொண்டு போக ஒரு வேன் பின்னாலேயே வரும். துடைப்ப வண்டி என்று அதற்குப் பேர். ஓட்டுநர் நல்ல மனுஷி, அவ்வப்போது பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, "உள்ளே சூடாகத் தேநீர் இருக்கிறது" என்பாள். அந்த நேரத்தில் அவளைவிடக் கொடுமைக்காரி எனக்கு யாரும் தெரியவில்லை.

கடைசிச் சாப்பாட்டு நிறுத்தத்தில் சுமதியும் கீர்த்தனாவும் காரில் காத்திருந்தார்கள். இறங்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துப் புல்லில் விழுந்தேன். கீர்த்தனா ஓடிவந்து காலைப் பிடித்து நீவினாள். என் உடுப்போடு சேர்த்து என்னைத் தொட்டது அன்றுதான்.

"அத்தை போன் பண்ணிட்டே இருக்காங்க" என்றாள். அத்தையோடு பேசும்போது மட்டும் அவளுக்குத் தமிழ் எங்கிருந்தோ வந்துவிடும். "அப்பா நின்னுட்டாரான்னு கேக்கறாங்க. முடியலன்னா விட்டுடச் சொல்லு, ஒண்ணும் தப்பில்லன்னு சொன்னாங்க. மறுபடியும் அதே சொன்னாங்க."

நெஞ்சு வலியோடு காத்துக்கொண்டிருக்கிறவள், என் கால் வலிக்கு இரக்கப்படுகிறாள். அவளுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டேனா? சுமதி தடுக்கத் தடுக்க எழுந்து ஏறி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஓட்டியதெல்லாம் கால் ஓட்டியதில்லை. கோபமும் பாசமும் கலந்த ஏதோ ஒன்று ஓட்டியது. சமவெளி வந்தது, காற்று எதிரே அடித்தது, உப்பு வாசம் வந்தது. கடற்கரைச் சாலையில் எனக்காகக் கழற்றாமல் விட்டிருந்த முடிவுக்கோட்டுத் தோரண வளைவைத் தாண்டியபோது ஆலனும் இன்னும் சிலரும் கைதட்டினார்கள். துடைப்ப வண்டிக்காரியும் இறங்கி நின்று தட்டினாள்.

கீர்த்தனா அதற்குள் ஊருக்குப் போன் போட்டுவிட்டாள். அங்கே ராத்திரி வெகு நேரமாகியும் விளக்கு எரிந்தது. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் மச்சான்.

"முடிச்சுட்டேன்க்கா!" என்று கத்தினேன். "அவுத்துரு! காப்ப அவுத்துரு!"

"சபாஷ் மாப்ள!" என்றார் மச்சான். "காரு சொல்லியாச்சு. வெள்ளனக் கெளம்புறோம்."

அக்கா உறைந்துபோன படம் மாதிரி இருந்தாள். சிக்னல் போய்விட்டதோ என்று போனை ஆட்டினேன். படம் நன்றாகத்தான் இருந்தது. அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சுட்டியா?" என்றாள் கடைசியில்.

"முடிச்சுட்டேன். ஒன்னாலதான்க்கா முடிஞ்சுச்சு."

"ஒரு வருசம் கெடைக்கும்னு இருந்தேன்டா" என்றாள்.

மச்சான் அவளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு தம்பி. தொடையில ஓட்டயப் போட்டு நெஞ்சு வரைக்கும் ஒயர விடுவாகளாம்ல? மேலத்தெரு ராசாத்தி போனவ திரும்பி வரலையே. யாருகிட்டச் சொல்றது இத? ஒங்க மச்சான்கிட்டச் சொன்னா அவுகளும் பயந்துருவாக."

அப்போதுதான் திராட்சை வெட்டும் சடங்கும் காப்பும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. அவள் எனக்காகவும் வேண்டிக்கொண்டாள், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டும் இருந்திருக்கிறாள். நான் நின்றுவிட வேண்டும் என்று பகல் முழுக்கப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தை நான் மைல் மைலாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மச்சான் அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். வியர்வையில் இறுகிப்போன முடிச்சு, சீக்கிரம் வரவில்லை. அவள் தடுக்கவில்லை.

6

இன்று எனக்கு விடுப்பு. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிவந்து இதை எழுதுகிறேன். மச்சான் வழியெல்லாம் செய்தி போட்டுக்கொண்டே போனார். வீரபாண்டி. தேனி. ஆண்டிபட்டிக் கணவாய். ஒவ்வொன்றுக்கும் சரி மச்சான், சரி மச்சான் என்று பதில் போட்டேன். அதைத் தவிர என்னால் ஆகக்கூடிய வேலை ஒன்றும் இல்லை.

உசிலம்பட்டி தாண்டியதும் அக்காவே பேசினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாப்பிட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா, பிள்ளை தூங்கிருச்சா என்று கேட்டாள். பிறகு, "நீ நேத்து பயந்துக்கிட்டேதான ஓட்டுன?" என்றாள்.

"ஆமாக்கா."

"எங்கன போயி பயம் போச்சு?"

நான் யோசித்தேன். அவளிடம் பொய் சொல்லவில்லை.

"போகவே இல்லக்கா. கடைசி வரைக்கும் கூடவேதான் வந்துச்சு."

"சரி" என்றாள். "அப்ப எங்கூடவும் வரட்டும்" என்று வைத்துவிட்டாள்.

உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள் என்று மச்சான் எழுதி வெகு நேரமாகிறது.